இறக்கிய பழைய பிக்கப் தூக்கிப் போடாமல் ஓட: புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுக்கும் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் கிடக்கும் ஊர்களில் பழைய பிக்கப்புக்குப் பஞ்சமே இல்லை. ஜீப்பின் பின்னால் பெட்டி வைத்த மகிந்திரா, 1988-இல் வந்த டாடா மொபைல், அதற்கு அப்புறம் வந்த 207 எல்லாம் தேங்காயும் மாங்காயும் ஏற்றி ஓய்ந்து தோப்புக் கொட்டகையில் நிற்கும். இப்போது அவற்றைத் தேடிப் பிடித்துத் துரு தட்டி, பெயின்ட் அடித்து, இரண்டு மூன்று இஞ்ச் கீழே இறக்கி ஓட்டுகிறார்கள். நின்றால் அப்படி ஒரு அழகு. ஓட்டினால் இடுப்பு விட்டுப்போகிறது.

உடனே எல்லோரும் சொல்வது, "ஸ்பிரிங் ரொம்பக் கட்டி, பட்டையை எடுத்துடுங்க" என்பதுதான். பட்டை என்பது ஸ்பிரிங்காக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுத் தகடு. அதை எடுப்பதை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள். இறக்கிய வண்டி தூக்கிப் போடுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங்கின் விறைப்பு இல்லை. சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் மேலே ஏற இடம் இல்லாததுதான். இடமே இல்லாத வண்டியில் ஸ்பிரிங்கை இளக்கினால் அது இன்னும் கீழே உட்காரும், இருக்கிற இடமும் போகும், குலுக்கல் கூடும். அதனால் இடம் முதலில், பட்டைகளுக்குள் உராய்வு இரண்டாவது, ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் மூன்றாவது. ஸ்பிரிங்கின் விறைப்பைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். இந்த வரிசையை மாற்றினால் பணம்தான் கரையும்.

வேலைக்குப் போகும் முன் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் கண்டிப்பானது; தமிழ்நாட்டுப் பதிவெண்ணாக இருந்தாலும் எல்லையில் உள்ள வாளையாறு தாண்டினால் நிறுத்திப் பார்ப்பார்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும் ஆய்வாளர் கண்ணில் இது படும். ஆகவே இந்தக் கட்டுரை புதிதாக இறக்கச் சொல்லவில்லை. முந்தைய உரிமையாளர் இறக்கிவிட்ட வண்டி உங்கள் கைக்கு வந்திருந்தால், அல்லது வருடக்கணக்கில் சுமை ஏற்றிப் பட்டை தானாகவே படுத்திருந்தால், அதை உட்கார்ந்து ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர வழி சொல்கிறது. இங்கே வரும் வேலைகளில் பலவும் வண்டியை ஆலையிலிருந்து வந்த அளவுக்கே பக்கமாகக் கொண்டுபோகும். அது நல்லதுதான்.

முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

"தூக்கிப் போடுது" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். அதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது 'டங்' என்று சேசிஸிலேயே (வண்டியின் அடிச்சட்டத்திலேயே) ஒரு அடி விழுந்தால், ஆக்ஸில் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் அது போய் இடிக்கிறது என்று அர்த்தம். நல்ல தார் ரோட்டிலும் ஸ்டியரிங்கும் கண்ணாடியும் ஓயாமல் கிடுகிடுவென்று நடுங்கினால் டயர் காற்று, துருப்பிடித்த பட்டை, செத்துப்போன புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம்) ஆகியவற்றைப் பாருங்கள். வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆடிக்கொண்டே போனால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. உங்கள் வண்டியில் மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். ஆனாலும் எது அதிகம் என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் அளவெடுப்பது. சமமான சிமென்ட் தரை வேண்டும். நெல் மில் களமோ சர்வீஸ் ஸ்டேஷனோ போதும். டீசல் பாதிக்கு மேல் இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். நான்கு சக்கரத்திலும் ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று மாறினால் அந்த அளவும் மாறும். அடுத்து வண்டிக்கு அடியில் போய், பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது இடிக்கும் இரும்புக்கும் நடுவே எத்தனை செ.மீ. என்று நான்கு பக்கமும் பாருங்கள். இந்த எண்தான் முக்கியம். 9 செ.மீ. இடைவெளியோடு ஆலையிலிருந்து வந்த வண்டியை 7 செ.மீ. இறக்கினால் மிச்சம் 2 செ.மீ. ஒரு சின்னப் பள்ளத்துக்கே அது தீர்ந்துவிடும்.

ஓடும்போது உண்மையில் இடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து ரப்பரின் நுனியில் தடவுங்கள். எதிரே இருக்கும் இரும்பைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஈரம் காய்வதற்குள் அளவாகப் போட்ட ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கும்படி வகுத்தது. அந்த வேகத்தில் தாண்டிவிட்டு நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பில் வெள்ளை ஒட்டியிருந்தால் இடிக்கிறது. லேசாகப் புள்ளி வைத்தாற்போல் இருந்தால் அது தொட்டு மீள்கிறது, பரவாயில்லை. ரப்பரின் முழு வட்டமும் அச்சாகப் பதிந்து ஓரத்தில் சுண்ணாம்பு பிதுங்கியிருந்தால் வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை, ரப்பரில் ஓடுகிறது. இடது வலது இரண்டையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை உடைந்திருக்கலாம்.

காசில்லாத வேலை: காற்றும் டயரும்

பிக்கப் டயருக்குச் சுமைக்கான காற்று ஒன்று, காலி வண்டிக்கான காற்று ஒன்று. கதவோரத்திலோ கையேட்டிலோ இரண்டும் எழுதியிருக்கும். நம் பஞ்சர் கடைகளில் பிக்கப் என்று சொன்னாலே சுமைக்கு உள்ளதை அடித்துவிடுவார்கள். காலி வண்டிக்கு அது அதிகம். பின் சக்கரம் தரையில் துள்ளிக்கொண்டே வரும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த டயரில் அளந்து, காலி வண்டிக்குச் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே இறங்காதீர்கள். சூடேறி டயர் கிழியும். மறுபடியும் சுமை ஏற்றுகிற நாளில் மறக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் கொண்ட எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கொட்டகையில் நின்ற வண்டியில் பட்டன் தேயாமல் புதிதுபோல் இருக்கும் டயர் பத்து வருடத்துக்கு முந்தையதாக இருக்கும். ரப்பர் கட்டையாகிவிட்டது என்று அர்த்தம். நகத்தால் அழுத்தினால் பதியவே பதியாது. அதை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

பெரிய ரிம், மெல்லிய டயர் போட்டிருந்தால் நேராகவே சொல்கிறேன்: கழற்றி வையுங்கள். 235/75 ஆர்15 டயரின் பக்கச் சுவர் 17.6 செ.மீ. உயரம். 225/45 ஆர்17 போட்டால் அது 10 செ.மீ. ஏழரை செ.மீ. காற்று மெத்தையை எடுத்துவிட்டு ஷாக்கைக் குறை சொல்வது நியாயமில்லை. பழைய பிக்கப்புக்கு 15 அல்லது 16 இஞ்ச் இரும்பு ரிம்மும் உயரமான டயரும்தான் பார்வைக்கும் பொருத்தம்.

இடம் உண்டாக்குவது

பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும் வண்டிக்கு முழுத் தீர்வு ஒன்றுதான்: கொஞ்சம் ஏற்றுவது. முழுதாக ஏற்ற வேண்டியதில்லை. 7 செ.மீ. இறக்கியிருந்தால் அதில் 3 செ.மீ. திருப்பிக் கொடுங்கள். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, இடுப்புக்குத் தெரியும். 2 செ.மீ. இடைவெளி 5 ஆகும். அதாவது இரண்டரை மடங்கு.

எப்படி இறக்கினார்கள் என்று தெரிந்தால்தான் எப்படி ஏற்றுவது என்று தெரியும். மகிந்திரா ஜீப் வகை வண்டிகளில் பட்டை ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும். அந்த அமைப்பில் இரண்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தால் வண்டி இறங்கும். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்காரும் வண்டிகளில் அதே கட்டை வண்டியை ஏற்றும். புதிதாக வருகிறவர்கள் பலர் இங்கே குழம்புவார்கள், குனிந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கட்டை வைத்து இறக்கியதுதான் சரிசெய்ய எளிது: உயரம் குறைந்த கட்டையாக லேத்தில் கடைந்து மாற்றினால் போதும். மரக்கட்டையோ, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு கட்டையோ இருந்தால் அந்த வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். பட்டையின் வளைவைத் தட்டி இறக்கியிருந்தால் திரும்ப வளைவு ஏற்ற வேண்டும். முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக முறுக்கிக்கொள்ளும் இரும்புத் தண்டு) உள்ள வண்டியில் அதன் திருகைத் தளர்த்தி இறக்கியிருப்பார்கள்; அதே திருகை இரண்டு பக்கமும் சமமாக முறுக்கினால் ஏறிவிடும். காயில் ஸ்பிரிங்கை அறுத்திருந்தால் புது ஸ்பிரிங்தான் போட வேண்டும். எட்டுச் சுற்றில் ஒன்றை அறுத்தால் அது ஏழில் ஒரு பங்கு விறைத்துவிடும், நீளமும் போயிருக்கும்.

பம்ப் ஸ்டாப்பை அறவே கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. இரும்பில் இரும்பு இடித்தால் சேசிஸில் விரிசல் விடும், ஷாக் உள்ளே உடையும். பழைய கட்டி ரப்பரை எடுத்துவிட்டு, நுனி குறுகி அடி அகன்ற, நுரை போன்ற பாலியூரித்தேன் ரப்பர் போடுங்கள். கார்களில் ஷாக் தண்டின்மேல் மாட்டியிருக்குமே, அந்தச் சாதிப் பொருள். அது தொட்ட உடனே அடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கும். இருக்கிற ரப்பரையே வைத்துக்கொள்வதானால் நுனியைக் கூம்பாகச் சீவலாம், ஆனால் பாதிக்கு மேல் உயரத்தை எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் செவ்ரோலெட் சி10 போன்ற பிக்கப்புகளை இறக்குகிறவர்கள் ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேசிஸை அரைவட்டமாக வெட்டி, கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்து இடம் உண்டாக்குவார்கள். அங்கே அதற்கென்றே அளவெடுத்த தகடு கடையில் கிடைக்கும். அது தவிர 1967 முதல் 1972 வரை வந்த சி10-இல் பெரும்பாலும் பின்னாலும் காயில் ஸ்பிரிங்தான், நம் பட்டை வண்டிகளின் கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நம் பட்டறையில் சேசிஸை வெட்டச் சொல்லாதீர்கள். நம் ஊரில் சேசிஸில் வெட்டுவது சட்டப்படி தப்பு, அதன் மேல் ஆயிரம் கிலோ ஏற்றப் போகிறவர்களுக்கு ஆபத்தும்கூட. உங்கள் வண்டி 50 வருடம் தாண்டியதென்றால் இன்னொன்றும் போகும்: 2021-இல் வந்த விதிப்படி தொன்மை வாகனமாகப் பதிய, சேசிஸும் உடற்கூடும் மூலநிலையிலேயே இருக்க வேண்டும்.

பட்டையைப் பிரித்துப் பார்க்கும் நாள்

எனக்குப் பிடித்த வேலை இதுதான். குறைந்த செலவில் அதிக மாற்றம் தருவதும் இதுதான்.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியால் தூக்கி, சேசிஸுக்கு அடியில் கெட்டியான ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆக்ஸிலைத் தனியாக இன்னொரு ஜாக்கி தாங்கட்டும். பட்டையை ஆக்ஸிலோடு கவ்வும் யூ போல்ட், பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் போல்ட் எல்லாவற்றுக்கும் முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். செட் வெளியே வந்ததும் நடுப்போல்ட்டை நேராகக் கழற்றக் கூடாது. உள்ளே விசை அடைபட்டிருக்கும், பட்டை எகிறி அடிக்கும். இரண்டு பக்கமும் கனமான கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, நடுப்போல்ட்டை எடுத்த பிறகு கிளாம்பை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள்.

பிரிந்ததும் ஒவ்வொரு பட்டையின் மேல்முகத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் கருத்தும், நுனிகளில் செம்பழுப்பு மாவாகவும் இருக்கும். கீழ்ப்பட்டையின் நுனி வந்து உரசும் இடத்தில் மேல்பட்டையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும்; விரலை ஓட்டினால் நகம் அதில் நிற்கும். ஒவ்வொரு தடவை ஸ்பிரிங் அசையும்போதும் அந்த நுனி அந்தப் பள்ளத்தின் கரையில் ஏறித்தான் ஆக வேண்டும். ரோட்டில் சின்னச் சின்ன மேடுகளுக்கு அது ஏறாது. அதாவது சின்ன அதிர்வுக்கு ஸ்பிரிங் அசையவே அசையாமல் இரும்புக் கட்டையாக நிற்கிறது. நல்ல ரோட்டிலும் வண்டி நடுங்குவதற்கு இதுதான் காரணம்.

வயர் பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, பள்ளத்தின் கரையைக் கிரைண்டரில் வழுவழுப்பாக்குங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால், அல்லது குறுக்கே மயிரிழை போல் விரிசல் தெரிந்தால் அந்தப் பட்டையை மாற்றிவிடுங்கள். நுனியின் கூர் விளிம்பை இழைத்து உருட்டுங்கள். அப்புறம் கிராஃபைட் கிரீஸ் தடவலாம். ஆனால் தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே பெய்கிற நம் பக்கம் கிரீஸ் கழுவிப்போகும், மண்ணையும் பிடிக்கும். நுனிகளுக்கு அடியில் மூன்று நான்கு மி.மீ. தடிமனுள்ள கெட்டி நைலான் அல்லது பாலித்தீன் பட்டை வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். நழுவாமல் இருக்க ஒரு ஓட்டை போட்டு, நுனியில் தலை தட்டிய சின்ன ஆணியால் பிடிக்க வையுங்கள்.

இப்போது எண்ணிக்கை. கீழே கடைசியில் தடிமனாக, வளைவே இல்லாமல் ஒரு பட்டை இருந்தால் அது சுமைப் பட்டை. ஆலை அமைப்பில் காலி வண்டியில் அது சும்மா இருக்கும், சுமை ஏறினால்தான் தொடும். வளைவு இறங்கிய வண்டியில் அது எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கும். தடிமனின் கணக்கு நாம் நினைப்பதைவிடக் கடுமையானது: அதே நீளம், அதே அகலத்தில் 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. வந்தால் விறைப்பு இரண்டேகால் மடங்குக்கு மேல். ஆக அந்த ஒரு பட்டை தொடுவதே பாதிக் குலுக்கலுக்குக் காரணமாக இருக்கலாம். மற்றவற்றுக்கு வளைவு ஏற்றினாலே அது விலகிவிடும். அப்படியும் விலகாமல், சுமை ஏற்றும் எண்ணமும் இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு, அதே தடிமனில் சின்னத் துண்டு நடுவில் வையுங்கள். இல்லையேல் யூ போல்ட் கவ்வாது. அதற்குப் பிறகு மாம்பழ சீசனில் முதலமடையிலிருந்து லோடு வேண்டும் என்று யாராவது வந்து கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

மெயின் பட்டையையும் அதற்கு அடுத்ததையும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். மெயின் முறிந்தாலும் ஆக்ஸிலைப் பிடித்து வைப்பது அந்த இரண்டாவதுதான். நடுவில் உள்ளவற்றில் ஒன்றை எடுத்தால், ஆறு பட்டை செட்டில் விறைப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். கூடவே உயரமும் குறையும் என்பதால், வளைவு ஏற்றாமல் எடுப்பதில் பயனில்லை.

வளைவு ஏற்ற நல்ல பட்டறை தேடுங்கள். லாரிக்குப் பட்டை கட்டுகிற பட்டறைகள் பொள்ளாச்சி ரோட்டிலும் கோவையிலும் இருக்கின்றன. கேஸ் அடித்துச் சிவக்கச் சூடாக்கி வளைக்கிற இடமென்றால் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோங்கள். ஸ்பிரிங் எஃகின் உயிரே அதன் பதத்தில்தான் இருக்கிறது. சிவந்தால் அது போய்விடும், சீக்கிரமே படுத்துவிடும், அல்லது முறியும். குளிர்ந்த நிலையிலேயே அடுத்தடுத்துத் தட்டி வளைவு ஏற்றுகிறவரிடம் கொடுங்கள். எத்தனை செ.மீ. ஏற வேண்டும் என்று நீங்கள் எழுதி வைத்த அளவைக் காட்டுங்கள், "கொஞ்சம் ஏத்துங்க அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது இரண்டு விஷயம். யூ போல்ட் புதிதாக வாங்குங்கள், பழையது இழுபட்டிருக்கும். ரப்பர் புஷ் உள்ள ஷாக்கிள் போல்ட்டை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இறுக்காதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டி தன் உயரத்துக்கு உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். இல்லையேல் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து விறைப்பைக் கூட்டி, சீக்கிரம் கிழியும். ஷாக்கிளின் சாய்வையும் பாருங்கள். வளைவு இறங்கிய பட்டை நீளும், ஷாக்கிளைத் தள்ளிப் படுக்க வைக்கும். படுத்து சேசிஸில் முட்டினால் பட்டை நீள வழியில்லாமல் பூட்டிக்கொள்ளும். ஷாக்கிளும் பட்டையும் சந்திக்கும் கோணம் செங்கோணத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஷாக் அப்சார்பர்

பழைய ஷாக்கின் உடம்பில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களிம்பாக ஒட்டியிருந்தால் அது முடிந்துவிட்டது. காய்ந்திருந்தாலும் நம்பாதீர்கள். பம்பரின் ஒரு மூலையை நன்றாக அழுத்தி விடுங்கள். ஒரு தடவை ஏறி நின்றுவிட வேண்டும்.

புதிது வாங்கும்போது பெயரைவிட நீளம் முக்கியம். ஆலை நீளமுள்ள ஷாக் இறக்கிய வண்டியில் பாதிக்கு மேல் அமுங்கியே நிற்கும். அப்புறம் ஒரு பள்ளத்தில் உள்ளுக்குள்ளேயே முட்டும். பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்னாலேயே 'டங்' என்று கேட்கும். மேல், கீழ் பிடிமானங்களுக்கு நடுவே வண்டி நிற்கும் நிலையில் உள்ள தூரத்தை அளந்து கொண்டுபோங்கள். உதாரணத்துக்கு, முழுதாக அமுங்கி 30 செ.மீ., முழுதாக நீண்டு 48 செ.மீ. உள்ள ஷாக் என்றால், அந்தத் தூரம் 39-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பில் முழுதாக அமுங்கும்போதும் ஷாக்கில் ஒரு செ.மீ.யாவது மிஞ்ச வேண்டும். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் எல்லா நீளத்திலும் பார்க்கலாம். அளவு தெரிந்துகொள்ள அங்கே போங்கள், வாங்குவது புதிதாக வாங்குங்கள்.

லாரி ஷாக் "கெட்டியா உழைக்கும்" என்று போடுவது இன்னொரு பழக்கம். அது பெரிய சுமைக்குச் செய்தது. காலிப் பெட்டியை அது பிடித்துக்கொண்டு அசையவே விடாது. கேஸ் நிரப்பிய ஷாக் ரோட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் லேசான பிக்கப்பில் கொஞ்சம் விறைப்பாகத் தோன்றும். குடும்பத்தோடு நிதானமாகப் போகிற வண்டிக்குச் சாதாரண எண்ணெய் ஷாக்கே போதும் என்பது என் அபிப்பிராயம். சாய்வையும் பாருங்கள்: செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் ஷாக்கின் வேலை முக்கால் பங்காகும், 45 டிகிரி சாய்ந்தால் பாதிதான்.

முன்பக்கமும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டும்

உயரம் மாறினால் சக்கரத்தின் கோணம் எல்லாம் மாறும். டார்ஷன் பார் வண்டியில் திருகைத் தொட்ட நாளே அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். முன்னாலும் பட்டை உள்ள ஜீப் வகையில் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) குறைந்து, ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராமல் அலையும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே சாய்வான தகடு வைத்துச் சரிசெய்வார்கள். பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் கையை உதறினால், ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டிராக் லிங்க் தண்டு சாய்ந்திருக்கிறது. அது தரைக்கு எவ்வளவு சமமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஸ்டியரிங் விஷயத்தில் நீங்களாகக் கை வைக்காமல், விவரம் தெரிந்த மேஸ்திரியிடம் காட்டுங்கள்.

நாற்பது, ஐம்பது வேகத்துக்கு மேல் தரையிலிருந்து 'உம்' என்று ஒரு அதிர்வு வந்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படாதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கும். கியர்பாக்ஸ் வெளித்தண்டும் பின் ஹவுசிங்கில் அந்த ஷாஃப்ட் போய்ச் சேரும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கைப்பேசியில் சாய்வு காட்டும் செயலி இருக்கிறது. இரண்டு இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஓரிரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சாய்வுத் தகடு போட வேண்டும். ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கேபினும் சீட்டும்

இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கேபினைச் சேசிஸில் தாங்கும் ரப்பர்கள் முப்பது வருடத்தில் நசுங்கி வில்லையாகியிருக்கும். சில வண்டிகளில் ரப்பரே இருக்காது, இரும்பு வாஷர்தான் இருக்கும். புதிதாக வெட்டிப் போடுவது பாதி நாள் வேலை. ரப்பர் விளையும் நாட்டின் ஓரத்தில் இருந்துகொண்டு இதற்குப் பஞ்சப்பட வேண்டியதில்லை. சீட்டுக்கு மிருதுவான ஃபோம் மட்டும் போட்டால் உட்கார்ந்ததும் அமுங்கித் தகட்டில் போய் நிற்கும். அடியில் ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தை, மேலே கெட்டி ஃபோம் என்று இரண்டடுக்காகக் கட்டச் சொல்லுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் நார் தொழில் இருக்கிறது, விசாரித்தால் கிடைக்கும்.

காலிப் பெட்டியோடு எப்போதும் ஓட்டுகிறவர்கள் ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஐம்பது அறுபது கிலோ மணல் மூட்டை வைத்துப் பாருங்கள். பின் துள்ளல் உடனே அடங்கும். ஆனால் இடைவெளி போதுமா என்று சுண்ணாம்பு வைத்துப் பார்த்த பிறகு, பிரேக் அடித்தால் நகராதபடி கட்டி வையுங்கள்.

சோதித்துப் பார்க்க

ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்யாதீர்கள். எது பலித்தது என்று தெரியாது. வீட்டிலிருந்து ஒரு பாதை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தார் கொஞ்சம், தோப்புக்குள் போகும் மண் பாதை கொஞ்சம், இரண்டு வேகத்தடை, ஒரு ரயில்வே கேட் போதும். ஒவ்வொரு வேலைக்கும் பிறகு அதே பாதை, அதே வேகம், அதே ஆள் எண்ணிக்கை. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதால் பாதி அடி தெரிவதில்லை.

பட்டை பிரித்துப் பூட்டிய வண்டியில் யூ போல்ட் நட்டுகள் முதல் இருநூறு கிலோமீட்டருக்குள் கொஞ்சம் இளகும். அவற்றை எதிர் எதிராக, ஒரே அளவில் திரும்ப இறுக்கிவிட்டு ஹப் உயரத்தையும் மறுபடி அளந்து எழுதுங்கள். புதிதாக வளைவு ஏற்றிய பட்டை ஓரிரு வாரத்தில் ஒரு செ.மீ. வரை உட்காரலாம், அலைன்மென்டை அது உட்கார்ந்து முடிந்த பிறகு ஒரு தடவை கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.